காய்ச்சல் இல்லை என்று நம்பினோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து கிருமியா, கவனிப்பின்மையா? இதுதான் இன்றைய கேள்வி. கவனிப்பின்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு கணக்கோடு ஆரம்பித்தார். அமெரிக்காவில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்றார். வயது ஏற ஏறத் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது, புதிதாக வரும் கிருமியை எதிர்க்கும் டி செல்கள் குறைந்துவிடுகின்றன என்றும் விளக்கினார். எல்லாம் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் கிருமி உடம்புக்குள் போன பிறகு நடக்கும் கதை. அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் அதை எப்போது கண்டுபிடித்தார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 2021. அம்மாவுக்கு அப்போது 78 வயது. ஒரு நாள் மதியம் கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அரை மணி நேரம் அதே துண்டு. "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, வேலை கிடக்கு" என்றார். வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது என்று நானும் அக்காவும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம், 98.8. காய்ச்சல் இல்லை, நிம்மதி. இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. மூன்றாம் நாள் குளியலறை வாசலில் சரிந்து விழுந்த பிறகுதான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினோம். 84 காட்டியது, ஆபத்தான அளவு.

மருத்துவமனையில் ஒரு செவிலியர் கேட்டார்: "அம்மாவுக்கு வழக்கமா எவ்வளவு டெம்பரேச்சர் இருக்கும்?" பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரியாது. வயதானவர்களுக்கு உடல் வெப்பம் இயல்பாகவே குறைவாக இருக்கலாம், வழக்கமாக 97 இருப்பவருக்கு 99ஐ நெருங்குவதே காய்ச்சல்தான் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை இது. 2020இல் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொரோனாவோடு வந்த 817 முதியவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 28 சதவீதம் பேருக்கு மனக்குழப்பம் இருந்தது. முதியவர் உடம்பில் தொற்று இப்படியும் வரும்: திடீர்க் குழப்பம், கீழே விழுதல், சாப்பாட்டில் வெறுப்பு, ஓயாத தூக்கம். ஆனால் சுவரில் ஒட்டிய அறிவிப்புகள் எல்லாம் காய்ச்சல், இருமல் என்றே பெரிய எழுத்தில் சொல்லின. நாமும் அதைத்தான் தேடினோம்.

கிருமிதான் எல்லாம் என்றால், ஒரே கிருமி ஒரே வயதுக்காரர்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா தாக்கியிருக்க வேண்டும்? 2022 தொடக்கத்தில் கொரோனாவின் ஒமிக்ரான் வகை ஹாங்காங்குக்கும் வந்தது, நியூசிலாந்துக்கும் வந்தது. ஹாங்காங்கில் 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் அதுவரை இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருக்கவில்லை. தடுப்பூசி இல்லாமல் இல்லை; கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "இந்த வயதில் ஊசி தாங்குவாரா? சர்க்கரை வேறு இருக்கிறதே" என்று தயங்கித் தயங்கித் தள்ளிப் போட்டார்கள். அக்கறையால் வந்த தயக்கம்தான். ஆனால் யாரை முதலில் காப்பாற்ற வேண்டுமோ அவர்களே கடைசியில் நின்றார்கள். முதியவர்களில் அனேகமாக எல்லோரும் ஊசி போட்டிருந்த நியூசிலாந்தில் சாவு மிகக் குறைவு. ஹாங்காங்கிலோ பிணவறையில் இடமில்லை. எதிரணி நண்பரே, இங்கே மாறியது கிருமியா? வயதா?

முதியோர் இல்லங்களுக்கு வருவோம். கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் 100க்கு 80 பேர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே ஒரே அறையில் நான்கு கட்டில்கள் இருந்தன. போதிய சம்பளம் இல்லாத ஊழியர்கள் காலையில் ஒரு இல்லம், மாலையில் இன்னொரு இல்லம் என்று வேலை பார்த்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புக் கவசமும் போதவில்லை. அந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நோயில் விழுந்த ஊழியர்களுக்குப் பதிலாகப் புதிதாக ஒருவர் வந்து நின்றார். 30 பேரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். எந்தப் பாட்டி வழக்கமாகப் பேசுவார், எந்தத் தாத்தா வழக்கமாகவே பேசாதவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்பெயினில் 2020 மார்ச்சில் கிருமிநாசினி தெளிக்கப் போன ராணுவ வீரர்கள், சில இல்லங்களில் கவனிப்பார் இன்றிக் கிடந்த முதியவர்களையும், கட்டிலிலேயே இறந்து கிடந்தவர்களையும் கண்டார்கள். அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சரே சொன்னது இது. அந்த அறைகளைக் கைவிட்டது கிருமி இல்லை, மனிதர்கள்.

வீட்டுக்குள் நடந்ததும் இருக்கிறது. காது மந்தமானவர் நம் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வார். முகக்கவசம் போட்டதும் அந்தப் பாதி போய்விட்டது. கேட்டது போலத் தலையை ஆட்டினார். நாமும் சொல்லிவிட்டோம் என்று நகர்ந்தோம். பிரஷர் மாத்திரை தீர்ந்ததைச் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு, நெஞ்சுவலியை மருத்துவமனைக்குப் பயந்து மறைத்தவர்கள் உண்டு. செய்தியில் "இறந்தவருக்கு வயது 82, இணை நோய்கள் இருந்தன" என்று வந்தபோது, அப்பாடா, நமக்கில்லை என்று எத்தனை பேர் மூச்சு விட்டோம்? எனக்கு அந்த இரண்டு வார்த்தை மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இணை நோயோடு அவர் இன்னும் 10 வருடம் இருந்திருக்கலாம்.

"தனியாக இருக்கச் சொன்னதே அவர்களைக் காப்பாற்றத்தானே" என்று எதிரணி கேட்கும். ஆமாம், தள்ளி இருக்கத்தான் வேண்டும். ஆனால் தள்ளி இருப்பதை நாம் பார்க்காமல் இருப்பதாக மாற்றிக்கொண்டோம். அம்மா ஆபத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் "அசையாதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று 10 நாள் படுக்க வைத்தோம். ஆரோக்கியமான முதியவரே 10 நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கொரோனாவை வென்று வந்தவரால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. அதைச் செய்தது கிருமியா? நாங்கள்தான், அவ்வளவு பாசத்தோடு.

அப்புறம் தினமும் மூன்று வேளை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதல் நாள் இரண்டு தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வர ஐந்து வாரம் ஆனது.

இப்போது அம்மா அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வழக்கமான வெப்பம் 97.2. ஆக்சிஜன் 96. காலையில் தானாகவே ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். துண்டை ஒரே தடவைதான் மடிப்பார். நடுவர் அவர்களே, இந்த நான்கு வரியும் 2021இலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. இதை மனதில் வைத்துத் தீர்ப்பு வழங்குங்கள்.

நன்றி, வணக்கம்.