மானுக்கு ஒரு கொல்லை

அனைவருக்கும் வணக்கம்.

தினைப்புனத்தில் பரண் போட்டுக் காவல் இருந்தது நம் மரபு. விளைச்சலில் வாய் வைக்கும் எதையும் விரட்டுவதற்குத்தான் அந்தப் பரண். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வந்து மேயட்டும் என்றே கொல்லை உழுது விதைக்கிறார்கள். வரும் மானைச் சுடப் பக்கத்தில் பரணும் போடுகிறார்கள். அந்த வேளாண்மையைப் பற்றியும், அதை வைத்துப் புதியவர்களை வேட்டைக்குப் பழக்குவதைப் பற்றியும் பேசப்போகிறேன். நம்மூரில் இதை முயன்றால் சிறைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது.

அங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் அந்த நாட்டில் வெள்ளைவால் மான் சில இலட்சமாகக் குறைந்துபோயிருந்தது. இன்று ஏறத்தாழ மூன்று கோடி. வேட்டைக்குப் பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வந்ததும், 1937இல் வந்த பிட்மேன்–ராபர்ட்சன் சட்டமும் இதற்கு முக்கியக் காரணங்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரி, அச்சட்டப்படி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. நீள்துப்பாக்கிக்கு 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிக்கு 10. மானைக் காக்கும் செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரர் பையிலிருந்து வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

முதலில் மண். கொம்புள்ள ஆண்மான் படம் போட்ட விதைப் பையைக் கடையில் பார்த்தவுடன் வாங்கிவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. விதை கடைசியில் வாங்க வேண்டிய பொருள். காட்டுக்குள் திறந்த புது நிலம் பெரும்பாலும் புளித்த மண். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 5 அளவில் இருந்தால் நீங்கள் போடும் மணிச்சத்து மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், பயறு வகைத் தீவனச் செடியான குளோவரின் வேரில் முடிச்சு கட்டாது. உரத்துக்குக் கொடுத்த காசு வீண். 6 முதல் 7 வரை கொண்டுவர வேண்டும்.

பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள்; துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், ஆய்வில் துத்தநாகக் கணக்கு தப்பாகும். கலந்ததில் இரண்டு குவளை மாநிலப் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஏக்கருக்கு எத்தனை டன் சுண்ணாம்புத்தூள் என்று எழுதி வந்துவிடும். ஒன்றிலிருந்து இரண்டு டன் என்பது சாதாரணம். ஒரே பி.எச். காட்டினாலும் களிமண்ணுக்குக் கூடுதலாகவும் மணலுக்குக் குறைவாகவும் கேட்கும். சுண்ணாம்பு மண்ணில் தானாக இறங்காது, சட்டிக் கலப்பையால் கலந்துவிட வேண்டும். வேலை செய்ய ஆறு மாதம் ஆகும். ஆகவே செப்டம்பரில் விதைக்க நினைப்பவர் மார்ச்சிலேயே போட்டிருக்க வேண்டும். லாரி நுழையாத உள்காட்டுக் கொல்லைக்கு 40 பவுண்டு மூட்டைகளில் குருணைச் சுண்ணாம்பு கிடைக்கிறது. அமெரிக்க டன் ஒன்றுக்கு ஐம்பது மூட்டை. முதுகு வலிக்கும் என்பதால்தான் உள்காட்டுக் கொல்லை கால் ஏக்கரோடு நிற்கிறது!

இப்போது விதைக்கு வரலாம். வெள்ளை குளோவர் தனியாகத் தூவினால் ஏக்கருக்கு 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோ. டர்னிப், ரேப் போன்ற கடுகுக் குடும்பத்துக்கு 5, 6 பவுண்டு போதும். கூடப் போட்டால் நெருக்கியடித்துக் குட்டையாகவே நின்றுவிடும். குளிர்கால ரை தானியம் தனியாக என்றால் 100 பவுண்டுக்கு மேல். குளோவரோடு கலந்தால் அதில் பாதி. ரை தானியத்துக்குப் பதில் பெயர் ஒத்திருக்கிறதே என்று ரைகிராஸ் புல் விதையை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது விதை சிந்தி வருடக்கணக்கில் போகாது. நிலத்தைக் கெடுத்துக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

குளோவருக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிரால் விதை நேர்த்தி அவசியம். நம் உழவர்கள் ஆறிய அரிசிக் கஞ்சியில் பிசறுவார்களே, அதே வேலைதான். அங்கே முன்பே பூச்சிட்ட விதையாக விற்கிறார்கள். பூச்சே எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாம் என்பதால் அளவை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

விதைக்கும் வரிசை முக்கியம். களைக்கொல்லி அடித்து இரண்டு வாரம் விட்டு உழுங்கள். ரையைத் தூவி ஓர் அங்குலம் மூடும்படி லேசாகப் பலகை இழுங்கள். உருளை விட்டு நிலத்தை இறுக்குங்கள். நடந்தால் காலடி அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது. அதன் பிறகுதான் குளோவரும் டர்னிப்பும். மேலே தூவி மறுபடி உருளை விட்டால் போதும். கால் அங்குலத்துக்குக் கீழே போன குளோவர் விதை முளைத்து வெளியே வராது. ‘விதை மட்டம்’ என்று திட்டுகிறவர்களில் பலர் அதை உழுது புதைத்தவர்களே. டர்னிப்பை வட மாநிலங்களில் ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் விதைத்துவிட வேண்டும். பெரும்பாலும் உறைபனி விழுந்து இலையில் இனிப்பேறிய பிறகே மான் அதில் வாய் வைக்கும். ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் போட்டால் வேர்நோய் வரும்.

தென் மாநிலங்களில் கோடைக்கு விதைக்கும் லேப்லேப் வேறொன்றுமில்லை, நம் மொச்சை, அவரை இனம்தான். இளம் செடியிலேயே மான் நுனியைக் கிள்ளிவிடும். அரை ஏக்கர் போட்டால் இரண்டு வாரத்தில் மொட்டைத் தரைதான் மிஞ்சும். இரண்டு மூன்று ஏக்கராவது வேண்டும், அல்லது செடி ஊன்றும்வரை மின்வேலி.

கொல்லையின் நடுவில் கம்பிவலையால் நாலடி அகலத்தில் ஒரு கூண்டு வையுங்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரை என்றால், விளைச்சலில் குறையில்லை, மான்தான் மிகுதி. இரண்டு இடமும் குட்டை என்றால் மண்ணைப் பாருங்கள். கூண்டு இல்லாதவர் வருடா வருடம் விதையை மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மானின் உணவில் கொல்லையின் பங்கு சிறிது. கருவாலி (ஓக்) மரத்தின் விதையும் காட்டுச் செடியின் தளிரும்தான் அதன் வயிற்றை நிரப்புகின்றன. பயனற்ற மரங்களை வெட்டி வெயிலைத் தரைக்கு விட்டால் உழாமலே ஏராளமான தீனி முளைக்கும்.

சோளத்தைக் குவித்து வைத்து மானை அழைப்பதும் விதைத்து வளர்ப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பல மாநிலங்களில் முன்னது தடை. 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்ட நாட்பட்ட உருக்கி நோய் (சி.டபிள்யூ.டி. என்னும் மான் நோய்) எச்சில், சிறுநீர் வழியாகப் பரவுவதால், எல்லா மானும் ஒரே குவியலில் மூக்கை வைப்பது ஆபத்து. உங்கள் மாநில விதியை ஆண்டுதோறும் புதிதாகப் படியுங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது.

இனி ஆட்களைப் பற்றி. உரிமம் எடுப்பவர் குறைந்தால் மானுக்கான பணமும் குறையும். முன்பு சொன்ன கணக்கு இதுதான். வேட்டைக் குடும்பத்தில் பிறக்காத பெரியவர்களைப் பழக்க ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் 2016இல் ‘ஃபீல்டு டு ஃபோர்க்’ என்ற திட்டம் தொடங்கினார்கள். உழவர் சந்தையில் மான்கறியைச் சுவைக்கக் கொடுத்து, ‘இதை நீங்களே கொண்டுவரப் பழகலாம்’ என்று அழைத்தார்கள். கொம்பைக் காட்டி அழைப்பதைவிட இது சரியான வழி என்பது என் எண்ணம்.

புதியவருக்குக் கொல்லையைவிட நல்ல பள்ளி இல்லை. மண் எடுக்கும் நாளிலேயே அவரைக் கூப்பிடுங்கள். பிப்ரவரியில் உறைந்து விரியும் தரையில் குளோவர் தூவ வரட்டும். துப்பாக்கி அதற்குப் பிறகு. நடுவில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். அவருக்கு மரப்பரண் வேண்டாம்; அங்கே விபத்தில் பெரும்பங்கு பரணிலிருந்து விழுவதுதான். தரைக்கூடாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் கூடாரம் கொல்லையின் தென்கிழக்கு ஓரத்தில். உங்கள் முதுகுக்குப் பின்னால் மான் படுக்கும் புதர் இருந்தால் அந்த இடமும் கெட்டது. குறுக்குவில்லுக்கு 30 கெஜத்துக்குள், துப்பாக்கிக்கு நூறுக்குள். எதுவானாலும் தாங்கு கட்டையில் ஊன்றித்தான்.

முதல் வேட்டைக்குப் பிணைமான், அதாவது பெண்மான் போதும். பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அங்கேதான் குறி. சுட்டதும் ஓடிப்போய்த் தேடக் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். எதையும் சுடாத மாலையில் மான் மேய்ந்துகொண்டிருக்கும்போது கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் அந்தக் கொல்லைக்கு அவை பகலில் வருவது நிற்கும். நண்பர் ஒருவர் வண்டியை ஓட்டிவந்து அவற்றைக் கலைத்த பிறகே வெளியே வாருங்கள்.

கறிக்கு வருவோம். உடனே குடல் நீக்கி, 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். ஈயத் தோட்டா உடைந்து காயத்திலிருந்து தள்ளியும் தூளாகப் போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் செம்புத் தோட்டா வாங்குங்கள். உருக்கி நோய் உள்ள வட்டாரமானால் தலையைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை கறியைத் தொடாதீர்கள். வேகவைத்தாலும் அந்த நோய்க்காரணி அழியாது. மான் கொழுப்பு மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டும் என்பதால் முழுவதும் நீக்கிவிடுங்கள். முதுகுச் சதையின் மேல் இருக்கும் வெள்ளிச் சவ்வையும் கத்தியால் உரித்துவிட்டு, அந்தச் சதையைச் சட்டென்று வறுவலாகச் செய்யுங்கள். கால்கறியை மட்டும் மிளகுக் குழம்பில் மூன்று மணி நேரம் சிறுதீயில் விட வேண்டும்.