கேட்டு வாங்கிய ஒரு நொடி

[திரையில்: ஸ்கோர்போர்டு. 28–28. கடிகாரத்தில் 0:01.]

இந்த ஒரு நொடியை யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை. நடுவரிடம் போய் நின்று நாங்களே கேட்டு வாங்கினோம்.

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. அலபாமா பல்கலைக்கழகமும் ஆபர்ன் பல்கலைக்கழகமும் மோதிய அயர்ன் பவுல் ஆட்டம். நான் அலபாமா கட்சி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அந்தக் கடைசி ஓட்டத்தை எங்காவது பார்த்திருக்கலாம். 'கிக் சிக்ஸ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த வீடியோ எப்போதும் கடைசி நொடியில்தான் ஆரம்பிக்கிறது. ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போனது அதற்கு முன்பே. அதைத்தான் இங்கே காட்டப் போகிறேன்.

[திரையில்: அலபாமா மாநில வரைபடம். டஸ்கலூஸா, பர்மிங்ஹாம், ஆபர்ன்.]

முதலில் ஊர். அலபாமா மாநிலத்துக்கென்று என்.எஃப்.எல். தொழில்முறை அணி கிடையாது. அங்கே எல்லாமே கல்லூரி அணிகள்தான். டஸ்கலூஸாவில் நாங்கள், ஆபர்னில் அவர்கள். 1893-இல் ஆரம்பித்த பகை. நடுவே 1907-க்குப் பிறகு 1948 வரை இரண்டு கல்லூரிகளும் மோதவே இல்லை. அப்புறம் பல வருடங்கள் பர்மிங்ஹாமில் ஆடினார்கள். அது இரும்பும் எஃகும் உருக்கிய ஊர், அதனால்தான் 'அயர்ன்' என்ற பெயர். புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்று இருக்கிற வீடுகளில் இரண்டு கல்லூரிச் சின்னங்களையும் பாதிப்பாதியாகப் போட்ட தகட்டைக் காரின் முன்னால் மாட்டியிருப்பார்கள்.

அந்த வருடம் நாங்கள் நாட்டிலேயே முதலிடம். 11 ஆட்டம், 11 வெற்றி. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் சாம்பியன். ஆபர்ன் நான்காம் இடம். இத்தனைக்கும் 2012-இல் அதே ஆபர்னை 49–0 என்று வென்றிருந்தோம். புதுப் பயிற்சியாளர் கஸ் மால்சான் ஒரே வருடத்தில் அந்த அணியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்.

ஒரே ஒரு தோல்விக்கு ஏன் இத்தனை வலி? சீசனில் 12 ஆட்டம்தான். அன்றைய முறைப்படி, தரவரிசையில் முதல் இரண்டு இடத்தில் இருக்கும் அணிகள் மட்டுமே இறுதிப் போட்டிக்குப் போகும். நவம்பர் கடைசியில் தோற்றால், விழுந்து எழுந்திருக்க நேரமே இருக்காது.

[திரையில்: மைதானத்தின் படம். 100 யார்டு நீளம், இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன்.]

விதிகளில் இன்றைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதோடு ஒரு உதை போட்டால் இன்னொரு புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், நின்ற இடத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி.

அந்த 3 புள்ளிதான் இந்தக் கதை. அன்று எங்கள் கிக்கர் 44 யார்டில் ஒன்றைத் தவறவிட்டார். கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் 28 யார்டு உதை ஒன்றைச் சரியாகப் போட்டார். பந்து உள்ளே போனது. ஆனால் எங்கள் வரிசையில் ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிட்டார் என்று கொடி விழுந்தது. 5 யார்டு பின்னால் தள்ளி மறுபடி உதைக்கச் சொன்னார்கள். 33 யார்டு. வெளியே போய்விட்டது.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. முதல் உதை நூல் பிடித்த மாதிரி போகிறது. அவர் திரும்புகிறார், கொடி கிடப்பதைப் பார்க்கிறார். உள்ளே போன பந்துக்குக் கணக்கு இல்லை, வெளியே போன பந்துக்குக் கணக்கு உண்டு.

அதற்குப் பிறகும் நாங்கள்தான் முன்னிலைக்கு வந்தோம். எங்கள் எல்லைக் கோட்டிலிருந்து ஒரே யார்டில் பந்து இருந்தபோது ஏ.ஜே. மெக்காரன் வீசினார், அமாரி கூப்பர் பிடித்து ஓடினார். 99 யார்டு டச் டவுன். 28–21. அதோடு முடிந்திருந்தால் இந்த வீடியோ அதைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் ஆபர்னின் எல்லைக் கோட்டிலிருந்து 13 யார்டில் நாலாவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. பந்து எங்களிடமே இருக்க ஒரே ஒரு யார்டு வேண்டும். ஃபீல்டு கோல் உதைத்திருந்தால் 10 புள்ளி முன்னிலை. உதைக்கவில்லை, ஓடிப் பார்த்தோம், மறித்துவிட்டார்கள். கிக்கர் மேல் நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்று அன்றே எனக்குத் தோன்றியது. அடுத்து வந்த 44 யார்டு உதையை ஆபர்ன் தடுத்தது. 32 நொடி மிச்சம் இருக்கும்போது ஆபர்னின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், நிக் மார்ஷல் ஓடப் போகிறவர் போல வந்து, கடைசி நேரத்தில் சாமி கோட்ஸிடம் பந்தை வீசினார். 39 யார்டு டச் டவுன். 28–28.

[திரையில்: கடிகாரம் 0:00. பிறகு 0:01.]

எங்கள் வீரர் டி.ஜே. யெல்டன் 24 யார்டு ஓடி, ஆபர்னின் 38 யார்டு அருகே பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினார். கடிகாரம் பூஜ்யம். கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நிற்க வேண்டும் என்பது விதி. கால் வெளியே பட்டபோது ஒரு நொடி இருந்தது என்று எங்கள் பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடினார். வீடியோவைப் பார்த்த நடுவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கேட்காமல் விட்டிருந்தால் கூடுதல் நேரம். இரண்டு அணிக்கும் 25 யார்டில் பந்து கொடுத்து, சமமாக ஆட வைப்பார்கள். கேட்டதால் 57 யார்டு உதை. இந்த முறை உதைக்க வந்தது வேறொரு பையன். முதலாண்டு வீரர். போலந்தில் பிறந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்தவர். தூர உதைக்கு வலுவான கால்.

இங்கேதான் பலருக்கும் புரியாத விதி. ஃபீல்டு கோலுக்கு உதைத்த பந்து கம்பங்களை எட்டாமல் இறங்கினால், அந்தப் பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. எதிரணி அதைப் பிடித்து ஓடலாம். அதற்காகவே ஆபர்ன் கிரிஸ் டேவிஸைக் கம்பத்துக்கு அடியில் நிறுத்தியது. எங்கள் பக்கம் யார் நின்றார்கள் என்று பாருங்கள். உதைப்பவரைக் காக்க நிற்கும் வரிசை. 300 பவுண்டுக்கு மேல், அதாவது 135 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள். சுவராக நிற்கத் தேர்ந்தெடுத்தவர்கள், ஓடித் துரத்த அல்ல.

அப்போது நான் டஸ்கலூஸாவில் மாணவன். நன்றி நவிலல் விடுமுறை, குடியிருப்பு காலி. பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். டிவியில் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியை அடைத்துவிட்டு, வர்ணனையை ரேடியோவில்தான் கேட்பார். அந்த ஊரில் பழைய ரசிகர்கள் நிறைய பேர் அப்படித்தான். ஒரு சங்கடம், ரேடியோ டிவியை விடச் சில நொடி முன்னால் வரும்.

டிவியில் பந்து இன்னும் மேலேதான் பறந்துகொண்டிருந்தது. ரேடியோக் குரல் மாறிவிட்டது. பெரியவர் கையில் இருந்த காபிக் குவளையை மெதுவாக மேசையில் வைத்தார். அப்புறம்தான் டிவியில் டேவிஸ் பந்தைப் பிடித்தார். எண்ட் ஸோனின் கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்து, இடது ஓரமாக வளைந்து, 109 யார்டு ஓடினார். பதிவேட்டில் 100 யார்டு என்றுதான் எழுதுவார்கள். 34–28. நாங்கள் இரண்டு பேரும், முடிவு தெரிந்த பிறகு, முழு ஓட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தோம்.

[திரையில்: வெறும் கருப்பு.]

அன்று ராத்திரியே அந்த மூத்த கிக்கருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு கல்லூரி மாணவனுக்கு. எங்கள் ரசிகர்கள் செய்த காரியம் இது. தோல்வியை விட இதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால்தான் அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. அவருடைய சட்டை எண் 43. அமெரிக்காவின் 43-ஆவது அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். வாழ்க்கையில் சறுக்கல்கள் வரும், எனக்கும் தெரியும் என்று எழுதி, 'இன்னொரு 43' என்று முடித்திருந்தார்.

ஆபர்ன் இறுதிப் போட்டி வரை போய், ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 34–31 என்று தோற்றது. நாங்கள் சீசன் முடிவில் நடக்கும் சுகர் பவுல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் 45–31 தோல்வி.

57 யார்டு உதைத்த அந்தப் பையனின் பெயர் ஆடம் கிரிஃபித். 2016 ஜனவரி 11, அரிசோனாவில் கிளெம்சனுடன் சாம்பியன்ஷிப். கடைசிக் கால்பகுதியில் அவர் போட்ட 33 யார்டு ஃபீல்டு கோலில் 24–24. ஆமாம், அதே 33 யார்டு. அடுத்து எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். பந்து 10 யார்டு தாண்டிவிட்டால் உதைத்த அணியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு.

நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். பெரியவரோடு போனில் பேசிக்கொண்டே பார்த்தேன். என் டிவியில் கிரிஃபித் இன்னும் ஓடி வரவே இல்லை, பந்து தரையில் நின்றுகொண்டிருந்தது. போனில் பெரியவர் கத்துகிறார், "நம்ம பந்து, நம்ம பந்து!"