கொள்ளுத்தாத்தா ஸ்கவுட்டா, பெயின்டரா? ஒரு படத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்கிய தேடல்

வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள மிசௌலாவிலிருந்து பேசுகிறேன். வழக்கமாக ஆற்றங்கரையில் நடந்தபடி பேசுவேன். இன்று மேசையை விட்டு நகரமாட்டேன். ஏனென்றால் காட்டவேண்டிய பொருள் இதோ, இந்தப் பருத்தித் துணியின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த எண்ணெய் வண்ணப் படம் இது. அதன் முகத்தைப் பிறகு காட்டுகிறேன். முதலில் முதுகைப் பாருங்கள்.

படத்தைப் பற்றி வீட்டில் வழங்கிவந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை வரைந்தவர் என் மாமனாரின் கொள்ளுத்தாத்தா. அவர் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் கஸ்டரின் படையில் ஸ்கவுட்டாக, அதாவது படைக்கு முன்னே போய் வழியும் எதிரியின் தடமும் பார்த்து வந்து சொல்பவராக, இருந்தார் என்றும், 1876ஆம் ஆண்டு லிட்டில் பிக்ஹார்ன் போருக்குச் சில நாட்கள் முன்பு முகாமில் உட்கார்ந்து இதை வரைந்தார் என்றும் மாமனாருக்கு அவருடைய தாத்தா சொல்லியிருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே இந்தக் கதையை எனக்கும் சொன்னார்கள். என் மகள் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதவேண்டி வந்தபோதுதான், கேட்டதை அப்படியே எழுதிக் கொடுப்பதா, தேடிப் பார்த்து எழுதுவதா என்ற கேள்வி எழுந்தது. மகளும் நானும் தேடுவது என்று முடிவு செய்தோம். அதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின.

இப்போது விளக்கை நேராகப் பிடிக்காமல், துணியை உரசிக்கொண்டு போவதுபோலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறேன். கைப்பேசி விளக்கே போதும். சட்டத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே, பழுத்துப்போன துணியில், மங்கிய கறுப்பு முத்திரை ஒன்று தெரிகிறதா? நேர் வெளிச்சத்தில் அது வெறும் கறையாகத்தான் தெரிந்தது. சாய்வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது: எஃப். டபிள்யூ. டெவோ அண்ட் சி. டி. ரேனால்ட்ஸ் கம்பெனி, நியூயார்க். ஓவியர்களுக்குத் துணியும் சாயமும் விற்ற நிறுவனம் அது. டெவோவும் ரேனால்ட்ஸும் ஒரே நிறுவனமாக இணைந்தது 1892ஆம் ஆண்டில்தான். எனவே இந்த முத்திரை விழுந்த துணியில் 1876இல் யாரும் வரைந்திருக்க முடியாது. கதையின் ஒரு கால் அன்றே ஒடிந்துவிட்டது. மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் பேசாமலே இருந்தேன்.

அடுத்தது கஸ்டர். 1876 ஜூன் 25, 26 ஆகிய நாட்களில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் பழங்குடி மக்களிடம் கஸ்டரின் படை தோற்றது. அவருடன் நேரடியாகச் சென்ற ஐந்து கம்பெனிகளும், அதாவது படைப்பிரிவுகளும், முற்றாக அழிந்தன. அதன்பிறகு, 'நான் அங்கே இருந்தேன், தப்பி வந்தேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் பல பத்தாண்டுகளாகப் பல ஊர்களில் தோன்றிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்தப் படையெடுப்பில் இருந்த ஸ்கவுட்டுகளின் பெயர்கள் நன்றாகப் பதிவானவை. சார்லி ரேனால்ட்ஸ், ஜார்ஜ் ஹெரன்டீன், மிட்ச் பூயர் போன்றவர்களும், அரிகரா பழங்குடியினரும், க்ரோ பழங்குடியினர் ஆறு பேரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவரான அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை. இருக்கும் என்று நம்பி மூன்று முறை பார்த்தேன்.

இந்தத் தேடலில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை அறியாததால்தான் நான் ஐந்து மாதங்களை இழந்தேன். அக்காலத்து ஸ்கவுட்டுகளில் இரு வகையினர் உண்டு. பழங்குடியினரைச் சேர்த்துக்கொள்ள 1866ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. ஆயிரம் பேர் வரை எடுக்கலாம் என்று அது சொன்னது. அவர்கள் முறைப்படி படையில் பதிவானவர்கள் என்பதால் சேர்ப்புப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இருக்கும். வெள்ளையர்களும் கலப்பினத்தவர்களுமான பெரும்பாலான ஸ்கவுட்டுகளோ சிப்பாய்களே அல்லர். கோட்டையின் குவார்ட்டர்மாஸ்டர், அதாவது தளவாடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, மாதக் கூலிக்கு அமர்த்திய வெளியாட்கள் அவர்கள். சிப்பாய்களின் பட்டியலில் அவர்களைத் தேடினால் எத்தனை ஆண்டு தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். கோவேறு கழுதைகள், வண்டிகள், கொல்லர், தச்சர் ஆகியோரோடு சேர்த்து, மாதாமாதம் எழுதப்பட்ட கூலிப் பட்டியல்களில்தான் அவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை வைத்திருக்கிறது. அவை ஆள் பெயர் வரிசையில் இல்லாததால், எந்தக் கோட்டை, எந்த ஆண்டு என்று ஓரளவாவது தெரிந்துகொண்டு போகவேண்டும்.

'எல்லாம் 1973 தீ விபத்தில் எரிந்துபோயிருக்கும்' என்று இருவர் எனக்குச் சொன்னார்கள். செயின்ட் லூயிஸில் அந்த ஆண்டு எரிந்தவை இருபதாம் நூற்றாண்டுப் படைவீரர்களின் கோப்புகள். 1870களின் காகிதங்கள் அங்கே இல்லை. உண்மையில் நம்மைத் தடுப்பது வேறொரு தீ. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் கருகியும் நனைந்தும் சேதமடைந்தன; எஞ்சியவையும் பின்னர் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. அதனால் 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டுகள் எல்லாருடைய குடும்ப மரத்திலும் இருட்டாகக் கிடக்கின்றன.

எங்களுக்கு வழி திறந்தது 1880 கணக்கெடுப்பில். மொன்டானாவின் டீர் லாட்ஜ் மாவட்டத்து ஏடு ஒன்றில் அவர் பெயர், வயது, பிறந்த மாநிலம் எல்லாம் ஒத்துவந்தன. தொழில் என்ற கட்டத்தில் 'பெயின்டர்' என்று எழுதியிருந்தது. என் கணவர் துள்ளிக் குதித்தார். எனக்குத் துள்ளத் தோன்றவில்லை. நான் வளர்ந்த ஊரில் பெயின்டர் என்றால் சுவருக்கு வண்ணம் அடிப்பவரும் அவர்தான், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவரும் அவர்தான், தேர்தல் வந்தால் சுவரில் சின்னம் வரைபவரும் அவர்தான். எங்கள் தெருமுனையில் இருந்த பெயின்டர் அண்ணன், லாரியின் பின்கதவில் வரைந்த மயிலின் கழுத்து நீலத்தை இன்றும் என்னால் கண்ணுக்குள் கொண்டுவர முடியும். அவரை ஓவியர் என்று யாரும் அழைத்ததில்லை. மொன்டானாவிலும் அந்தச் சொல் அப்படித்தான் இருந்திருக்கிறது. இருட்டான இருபது ஆண்டுகளுக்கு நகர முகவரிப் புத்தகங்களைப் புரட்டினோம். 1890களின் புத்தகம் ஒன்றில், அதே பெயருக்கு எதிரே, 'பலகை எழுதும் பெயின்டர்' என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

இதைத் தாழ்வாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று என் கணவரிடம் சொல்வதற்கு எனக்கு நல்ல சான்று ஒன்று இருந்தது. மொன்டானாவின் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவரான எட்கர் சாமுவேல் பாக்ஸன், நியூயார்க் மாநிலத்தில் 1852இல் பிறந்து, தந்தையிடம் குதிரை வண்டிகளுக்கும் பலகைகளுக்கும் வண்ணம் பூசக் கற்றவர். 1877இல் இங்கே வந்து, ஸ்கவுட் வேலை உட்படக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். பிறகு டீர் லாட்ஜிலும் பியூட்டிலும் பலகை எழுதி, நாடக அரங்குகளுக்குத் திரை வரைந்து பிழைத்தார். லிட்டில் பிக்ஹார்ன் போரை வரைய ஆண்டுக்கணக்கில் செய்தி சேகரித்தார். அந்தப் போரில் பிழைத்தவரான எட்வர்ட் காட்ஃப்ரே அவருக்கு 1896இல் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது. 1899இல் முடித்த அந்தப் படம் ஏறத்தாழ ஆறடிக்கு ஒன்பதடி. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. அது இப்போது வயோமிங் மாநிலத்தின் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் மிசௌலா மாவட்ட நீதிமன்றக் கட்டடத்திலும் அவருடைய சுவர் ஓவியங்கள் எட்டு உள்ளன. பாக்ஸன் லிட்டில் பிக்ஹார்னில் இருந்தவர் அல்லர். கேட்டுக் கேட்டு வரைந்தவர். எங்கள் பெரியவரும் அதே டீர் லாட்ஜில், அதே காலத்தில், அதே தூரிகைத் தொழிலில் இருந்திருக்கிறார். வீட்டுக் கதைக்குள் கஸ்டர் நுழைந்தது எப்படி என்பதற்கு, இந்த அண்மையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

படத்தைத் திருப்புவதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கவுட்டாகவும் ஓவியராகவும் ஒரே மனிதர் வாழ்ந்ததற்கு அவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. க்ரோ இனத்தவரான ஒயிட் ஸ்வான். வெள்ளை அன்னம் என்று பொருள். கஸ்டரின் படைக்கு அனுப்பப்பட்ட ஆறு க்ரோ ஸ்கவுட்டுகளில் அவர் ஒருவர். ரீனோ என்ற அதிகாரியின் பிரிவோடு போய்ப் போரிட்டு, கையிலும் காலிலும் கடுமையாகக் காயம்பட்டார். வலது கை கடைசிவரை சரியாகவில்லை. பிற்காலத்தில் காது கேளாதவராக, சைகை மொழியில் பேசி வாழ்ந்தார். அந்தக் கைகளோடுதான் தம் போர்ச் செயல்களைத் துணியிலும் காகிதத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தார். 1904இல் இறந்த அவருடைய கல்லறை அந்தப் போர்க்களத்தின் தேசிய இடுகாட்டிலேயே இருக்கிறது.

ஒயிட் ஸ்வானின் படங்களைப் படிக்கப் பழகியது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. சமவெளிப் பழங்குடியினரின் இந்த மரபில் ஓவியம் என்பது அழகுக்காகத் தொங்கவிடுவது அன்று; 'இதை நான் செய்தேன்' என்று ஊரறியச் சொல்லும் வாக்குமூலம். செயல் பெரும்பாலும் வலமிருந்து இடமாக நகரும். சிறிய குளம்புத் தடங்களை வரிசையாகப் போட்டால், குதிரை எங்கிருந்து எங்கே வந்தது என்று பொருள். யார் எந்த இனத்தவர் என்பதைத் தலைமுடியே சொல்லிவிடும். நெற்றி முடியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தால் அவர் க்ரோ. பின்னணியில் மலையோ வானமோ இருக்காது, ஏனென்றால் சாட்சி சொல்பவருக்கு அவை தேவையில்லை. கையில் என்ன, தோளில் என்ன, குதிரை எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டுப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

இப்போது திருப்புகிறேன். மேட்டின்மேல் ஒரு குதிரை வீரர் தனியாகப் போகிறார். கீழே ஆறு, அதற்கப்பால் நீல மலை. ஆறு நன்றாக வரவில்லை, மலை பரவாயில்லை, குதிரையின் பின்கால்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக எல்லாரும் அவரை எதிரியை வேவு பார்க்கும் ஸ்கவுட் என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் அவர் கண் தூரத்தில் இல்லை, குதிரை போகும் பாதையில் இருக்கிறது. கையில் துப்பாக்கி இல்லை. இங்கே பாருங்கள், இடது தோளிலிருந்து குறுக்காக இறங்கும் பழுப்பு வார், அதன் முனையில் மூடியிட்ட தட்டையான தோல் பை. தோட்டாப் பை என்று சொல்வார்கள். தோட்டாப் பை இவ்வளவு அகலமாக இருக்காது. அது கடிதப் பை.

நான் இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் காப்பகத்திலிருந்து நகல்கள் வந்தன. இடையில் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, அவர்கள் அதே பெயருள்ள வேறொருவரின் காகிதங்களை அனுப்பியதும் நடந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. 1877ஆம் ஆண்டு, மிசௌலா கோட்டை, ஆகஸ்ட் மாதக் கூலிப் பட்டியல். அதில் அவர் பெயர் இருந்தது. தொழில்: கூரியர். இன்று நமக்குக் கூரியர் என்றால் வாசலில் பொட்டலம் கொண்டுவந்து தருபவர். அன்று அது, கோட்டைக்கும் களத்தில் இருக்கும் படைக்கும் இடையே, இரவில், தனியாக, குதிரையில் கடிதம் கொண்டுபோன வேலை.

அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். நிமீபூ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள், தங்கள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டு, குழந்தைகளோடும் முதியவர்களோடும் மொன்டானா வழியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி விடியற்காலையில், பிக் ஹோல் என்ற இடத்தில், அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த கூடாரங்களின்மேல் அமெரிக்கப் படை பாய்ந்தது. இறந்தவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும். எங்கள் பெரியவர் சுமந்த பைகளில் என்ன கட்டளைகள் இருந்தன என்று பட்டியல் சொல்லவில்லை. ஆனால் அவர் கூலி வாங்கியது அந்தப் போருக்காகத்தான். மகள் தன் கட்டுரையில் அதையும் எழுதினாள். எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். முத்திரையைக் காட்டினேன், கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லாத ஸ்கவுட்டுகளின் பட்டியலைக் காட்டினேன், கடைசியில் கூலிப் பட்டியலின் நகலை அவர் முன்னே வைத்தேன். எண்பது வயதானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டே நெடுநேரம் இருந்தார். கஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பிறகு எழுந்து போய், படம் இருந்த இடத்தில் சுவரில் தெரிந்த வெளிறிய சதுரத்தைப் பார்த்தார். அந்தப் பை, அது கடிதப் பைதானா, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். படத்தைக் கொண்டுவந்து, இதோ இந்த விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மூடியின் கொக்கியைக் காட்டினேன். அவர் சிறுவனாக இருந்தபோது, தாத்தா வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு பை ஆணியில் தொங்கியதாகவும், அதில் ஆணிகள் போட்டு வைத்திருந்ததாகவும் சொன்னார்.