ஆறு லட்சத்தை நாலு லட்சமாக் குறைச்சா கிடைக்குமா? – ஆய்வு நிதி பற்றி ஒரு சந்தேகம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரக் கேள்வி குழித்துறையிலேருந்து வந்திருக்கு. கேட்டவங்க கல்லூரியில பொருளாதாரம் எடுக்கிற ஒரு மேடம். மீன்பிடித் தடைக்காலத்துல குமரி மாவட்ட மீனவர் குடும்பங்களுக்குக் கடன் எப்படி ஏறுதுன்னு ஆய்வு பண்ண, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்) நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கிட்டு இருக்காங்க. "பட்ஜெட் 6 லட்சம் வருது. போட்டி அதிகம்னு சொல்லுதாங்க. 4 லட்சமாக் குறைச்சா வாய்ப்பு கூடுமா? லேப்டாப் சேர்க்கலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

குறைக்காண்டாம், கூட்டவும் வேண்டாம். கணக்குப் போடுங்க. முதல்ல அறிவிப்புல உச்சவரம்பு எவ்வளவுன்னு பாருங்க. அதுக்குள்ள இருந்தா, தொகை பெருசா சின்னதாங்கறதை விட, அந்தத் தொகை எங்கேருந்து வந்துதுங்கறதைத்தான் ரெவ்யூவர், அதாவது விண்ணப்பத்தை மதிப்பிடுறவங்க, பாப்பாங்க. எத்தனை வீடு, எத்தனை தடவை, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை வீடுன்னு பெருக்கிப் பாத்து உங்க தொகையே வந்தா பிரச்சினை இல்ல. வரலைன்னா 4 லட்சம் கேட்டாலும் சந்தேகம்தான்.

சரி, எத்தனை வீடுன்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க? நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்கிறவங்களுக்கு இப்ப என்ன சொல்லப் போறேன்னு தெரியும். எதை எதோடு ஒப்பிடப் போறீங்க? இதுக்கு ஒரு வரியில பதில் இல்லாம பட்ஜெட் போடவே முடியாது.

மேடம் அனுப்பின சுருக்கத்துல, "குமரி மாவட்டத்தில் இதுகுறித்து இதுவரை ஆய்வு நடைபெறவில்லை"ன்னு ஒரு வரி இருக்கு. அதை எடுத்திருங்க. ஆய்வு நடக்காத மாவட்டம் எத்தனையோ இருக்கு. ஏன் குமரி? அதுக்கு உங்க கையிலேயே அருமையான காரணம் இருக்கு, அதை நீங்க எழுதவே இல்ல.

நம்ம மாவட்டத்துல ரெண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரெண்டும் 61 நாள். இப்ப நாட்களை எண்ணிப் பாருங்க. ஏப்ரல் 15 முதல் மே 31 வரை 47 நாள், கிழக்கே படகு கட்டிக் கிடக்கு, மேற்கே ஓடுது. ஜூன் முதல் 14 நாள் ரெண்டு பக்கமும் ஓடல. ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை மறுபடி 47 நாள், மேற்கே கட்டியிருக்கு, கிழக்கே ஓடுது. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், பஸ்ஸுல போய் வர்ற தூரம். இப்படி ஒரு ஒப்பீட்டைச் செயற்கையா உருவாக்கணும்னா கோடிக்கணக்குல செலவாகும். இதை முதல் பக்கத்துல, முதல் பத்தியில எழுதுங்க.

எழுதினதும் ரெவ்யூவர் மூணு இடத்துல பிடிப்பாங்க. அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிரணும்.

ஒண்ணு, தடை விசைப்படகுக்குத்தான். வள்ளமும் கட்டுமரமும் போகும். "மீனவர் குடும்பம்"னு மொத்தமா எடுத்தா தடை பட்டவங்களும் படாதவங்களும் கலந்துருவாங்க, வித்தியாசம் கரைஞ்சு போகும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் பலர் கொச்சிப் பக்கம் போய்ப் படகு ஏறுதாங்க. கேரளத்துல தடை நாட்கணக்கே வேற. அதனால வீடு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாப் போதாது, எந்தத் துறைமுகத்துப் படகுல போறாங்கன்னு கேக்கணும்.

அடுத்தது மழை. ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவக்காத்து. தடையே இல்லைன்னாலும் மேற்கே கடல் கொந்தளிப்பாத்தான் இருக்கும். அப்ப கடன் ஏறினது தடையாலயா, கடலாலயா? இங்கதான் வள்ளக்காரங்க உதவுவாங்க. அதே ஊரு, அதே கடல், தடை மட்டும் இல்ல. ரெண்டு பக்கத்து விசைப்படகு வீடு, ரெண்டு பக்கத்து வள்ள வீடு, ஆக நாலு பிரிவு. ஆனா விசைப்படகு கட்டிக் கிடக்கும்போது வள்ளத்து மீனுக்கு விலை ஏறும், அவங்களுக்கு அது லாபம். இந்தக் குறையை மறைக்காண்டாம். ஏலவிலையைத் தனியாக் குறிச்சு வச்சு அதைக் கணக்குல எடுப்போம்னு எழுதுங்க.

மூணாவது, கடனை எப்படி அளப்பீங்கங்கறது. "உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கு?"ன்னு கேட்டா கிடைக்கிற எண்ணு எதுக்கும் ஆகாது. நகைக்கடன், சங்கக் கடன், மகளிர் குழு, மைக்ரோ பைனான்ஸ், படகு முதலாளி கிட்ட வாங்கின முன்பணம், மீன் வியாபாரி கொடுத்தது, சீட்டு, மளிகைக் கடைப் பற்று – ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கேக்கணும். முன்பணத்தைப் பல பேர் கடன்னே சொல்ல மாட்டாங்க. நகையும் குழுவும் வீட்டுப் பெண்களுக்குத்தான் சரியாத் தெரியும், முன்பணம் ஆம்பிளைக்குத் தெரியும். அதனால ஒரு வீட்டுல ரெண்டு பேர்கிட்ட பேசணும். 45 நிமிஷம் ஆகும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 5 வீடுதான் முடிப்பாங்க. 10 வீடுன்னு எழுதினீங்கன்னா, களத்துக்கே போகாத ஆள்னு தெரிஞ்சு போகும்.

இப்ப பெருக்குவோம். மூணு சுற்று. முதல் சுற்று ஏப்ரல் 15க்கு முன்ன, அடுத்தது மே கடைசி வாரம், மூணாவது ஜூலை கடைசி வாரம். சுற்றுக்கு 10 சதவீதம் வீடு விட்டுப் போகும்னு வச்சுக்கிடுங்க. முதல்ல 450 வீடுன்னா அப்புறம் 405, கடைசியில ஏறக்குறைய 365. மொத்தம் 1,220 பேட்டி. நாளைக்கு 5 வீதம் 244 ஆள்நாள். பூட்டுன வீட்டுக்குத் திரும்பப் போக ஒரு 10 சதவீதம் சேர்த்தா 270 பக்கம் வரும். உதாரணத்துக்குத்தான் சொல்லுதேன், ஆள்நாளுக்கு 1,000 ரூபாயும் வண்டிக்கு 200 ரூபாயும்னா 3,24,000. பயிற்சி 5 நாள், 30 வீட்டுல முன்னோட்டம், உதவியாளர் சம்பளம், நிறுவனத்துக்குப் போற மேல்செலவு எல்லாம் இதுக்கு மேல. ஆக உங்க 6 லட்சம் நியாயமான தொகைதான். அந்த 6 லட்சம் எப்படி வந்துதுன்னு நீங்க காட்டல, அவ்வளவுதான்.

4 லட்சமாக் குறைச்சா என்ன ஆகும்? வீட்டு எண்ணிக்கைதான் குறையும். சாம்பிள் வீடியோவுல சொன்ன கணக்கை ஞாபகப்படுத்துதேன். ரெண்டு சமமான குழு, 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்ற வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்கிற வாய்ப்பு)னா, 5.6ஐ மொத்த வீட்டு எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கணும். உங்களால பிடிக்க முடியுற மிகச்சின்ன வித்தியாசம் எத்தனை திட்டவிலக்கம்னு அது சொல்லும். 365 வீட்டுக்கு ஏறக்குறைய 0.3 வரும். கடன்தொகையோட திட்டவிலக்கம், அதாவது வீட்டுக்கு வீடு தொகை எவ்வளவு சிதறிக் கிடக்குங்கற அளவு, 40,000 ரூபாய்னா, 12,000 ரூபாய்க்குக் குறைஞ்ச வித்தியாசம் உங்க கண்ணுக்குப் படாது. நிஜமான வித்தியாசம் 5,000தான்னா 2,000 வீடு வேணும். ஒரே ஊர்க்காரங்க ஒண்ணுபோல இருப்பாங்க, அதனால இன்னும் கூடும். அதே வீட்டுக்கு மூணு தடவை போறதால ஓரளவு குறையும். பாதி வித்தியாசத்தைப் பிடிக்க நாலு மடங்கு வீடு, இதை மறக்காதீங்க.

உச்சவரம்பு இடிக்குதுன்னா ஒவ்வொரு வரியிலயும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டாதீங்க, கேள்வியைச் சுருக்குங்க. மொத்தக் கடன்னு இல்லாம, இந்த 47 நாள்ல நகை அடகு வச்சாங்களா இல்லையான்னு மட்டும் கேளுங்க. பேட்டி நேரம் பாதியாகும், ஒரு ஆளே 8, 9 வீடு முடிப்பாங்க, அதே பணத்துல கூடுதல் வீடு வரும். திரும்ப அங்கயேதான் வந்து நிக்கோம்: எதை எதோடு ஒப்பிடுறீங்க?

வீடுகளைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் வேணும்ல. கடலோர ஊர்கள்ல கத்தோலிக்கக் கோயில் பங்கோட குடும்பப் பதிவேடு அன்பியம் (பங்குக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குடும்பக் குழு) வாரியா இருக்கும், பங்குத்தந்தை கிட்ட முன்னாடியே அனுமதிக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோட இணைங்க. ஆனா அதுல வாடகைக்கு வந்தவங்களும் மத்த சமயத்தவங்களும் விட்டுப் போயிருப்பாங்க. மீனவர் கூட்டுறவுச் சங்கப் பட்டியலோட ஒப்பிட்டுச் சரி பண்ணணும். ஒக்கிப் புயல்ல ஆள் இழந்த வீடுகளும் பட்டியல்ல வரும். 2017ல நடந்ததுதான், ஆனாலும் கடன் பேச்செடுத்தா அது வரும். எந்தக் கேள்வியையும் விடலாம், பாதியில நிறுத்தலாம்னு ஒப்புதல் படிவத்துல தமிழ்ல எழுதி, வாசிச்சுக் காட்டணும். நெறிமுறைக் குழு கேக்குதுங்கறதுக்காக இல்ல, அந்த வீட்டுக்கு நாம செய்ய வேண்டிய மரியாதை.

லேப்டாப்: விதியில உபகரணத் தலைப்பு இருந்தாப் போடுங்க, ஆனா பொருள் நிறுவனத்துக்குத்தான் சேரும். பேட்டிக்கு அது வேண்டாம், கோபோடூல்பாக்ஸ்னு கணக்கெடுப்புச் செயலியில இலவசத் திட்டம் இருக்கு, சாதா ஆண்ட்ராய்டு போன்ல நெட் இல்லாமலும் ஓடும். பணம் கல்லூரிக் கணக்குக்குத் தவணையா வரும். ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசோட பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்துல பயன்பாட்டுச் சான்றிதழ் கேப்பாங்க, அதனால முதல் நாள்லேருந்தே தலைப்பு வாரியா ரசீது வச்சுக்கிடுங்க. வெளிநாட்டு நிதின்னா எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத கல்லூரி வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கின அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாத்தியும் கொடுக்க முடியாது.

கடைசியா, கால அட்டவணை. 12 மாசம்னு எழுதியிருக்கீங்க. அனுமதி மே மாசம் வந்தா முதல் சுற்று போச்சு, அடுத்த ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள காலம் முடிஞ்சிரும். விதி இடம் கொடுத்தா 24 மாசம் கேளுங்க. "மாதம் 1, மாதம் 2"ன்னு போடாம ஏப்ரல் 15, ஜூன் 1, ஜூன் 14, ஜூலை 31 நாலு தேதியையும் அட்டவணையிலேயே எழுதி, அனுமதி பிந்தினா வினாத்தாள் சோதனை, பட்டியல் சரிபார்ப்பு, ஏலவிலைப் பதிவு இதையெல்லாம் முதல்ல முடிப்போம்னு ஒரு வரி சேருங்க.