கதவைத் தட்டிவிட்டுத் தேர்தலில் நில்லுங்கள்

தமிழ்ச் சங்கத்தின் பெரியோர்களே, நண்பர்களே, பின்வரிசையில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பொங்கல் விழா மேடையில் அரசியல் பேசலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நான் பேச வந்தது கட்சி அரசியல் அல்ல. கலிபோர்னியாவில் கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி, அதன் பதவிக்கான தேர்தலில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயரே இருக்காது. நான் பேசப்போவது நம் வாசலைப் பற்றி.

நம்மில் பலருக்கு ஊரில் வார்டு கவுன்சிலர் யார் என்று தெரியும். பெயர் தெரியும், வீடு தெரியும், இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் யாரை அனுப்பிக் கேட்கவேண்டும் என்பதும் தெரியும். இந்தச் சாண்டா கிளாரா கவுண்டியில் பதினைந்து, இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். கவுண்டியை நடத்த நம் தொகுதி தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் யார் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? எனக்கும் நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இங்கே ஏறக்குறைய 19 லட்சம் மக்கள் வாழ்கிறோம். கவுண்டியின் ஆண்டு வரவுசெலவு ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். அதை முடிவுசெய்யும் மேற்பார்வையாளர் குழுவில் இருப்பவர்கள் ஐந்தே பேர். நீங்கள் தினமும் அலுவலகம் போகும் லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயும் சான் தாமஸ் எக்ஸ்பிரஸ்வேயும் கவுண்டியின் சாலைகள். பிறப்புச் சான்றிதழ், சொத்துவரி மதிப்பீடு, சிறைச்சாலை, பெற்றோரின் பாதுகாப்பை இழந்த பிள்ளைகளின் பராமரிப்பு, தேர்தலை நடத்துவது, எல்லாம் கவுண்டியின் வேலைதான்.

2020 மார்ச் 16ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே இருங்கள் என்று நம்மிடம் முதலில் சொன்னது வாஷிங்டன் அல்ல, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவும் அல்ல. நம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகளுடைய பொதுச் சுகாதார அதிகாரிகள் சேர்ந்து அறிவித்தார்கள். மாநிலம் முழுமைக்குமான ஆணை அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. நம் கவுண்டியின் தெற்கே, பூண்டுக்குப் பெயர்போன கில்ராய் நகரத்துக்கு இருக்கும் ஒரே மருத்துவமனை செயின்ட் லூயிஸ். அதை நடத்திய நிறுவனம் திவாலாகியிருந்தது. மருத்துவமனையை மூடிவிட்டால், நெஞ்சுவலி வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றி நெடுஞ்சாலையில் வடக்கே பல மைல் ஓட்டவேண்டும். கவுண்டி 23.5 கோடி டாலர் கொடுத்து அதையும், சான் ஹொசேயின் ஓ'கானர் மருத்துவமனையையும் வாங்கிக்கொண்டது. அந்தப் பூண்டு வயல்களின் ஊரில் இன்றும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் விளக்கு எரிகிறது. யாரோ சில மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இது நம் பொறுப்பு என்று முடிவு செய்ததால் எரிகிறது.

சென்ற தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகத் தன்னார்வலனாக வீடு வீடாகப் போனேன். ஒரு பிற்பகல், ஒரு வீட்டு வாசலில் மாக்கோலம். கதவைத் தட்டினேன். சங்கிலியை எடுக்காமல், கதவை நான்கு விரல் அளவுக்குத் திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது. ஆனாலும் சொன்னார்: "வீட்டில் யாரும் இல்லை, தம்பி."

அவர் இருக்கிறார். ஆனால் அவரைப் பொறுத்தவரை வீட்டில் யாரும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு. காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை சுவரும் தொலைக்காட்சியும்தான். "அம்மா, இந்த ஊரில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "கார் ஓட்டத் தெரியாதவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம்" என்றார். அறுபது வயது கடந்தவர்களுக்குக் கவுண்டியின் செலவில் பல இடங்களில் மதிய உணவு தருகிறார்கள், அங்கே கூடிப் பேசலாம் என்று சொன்னேன். உடனே இரண்டு கேள்விகள் வந்தன. "சைவமாகக் கிடைக்குமா? அங்கே என்னை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?"

என் கையில் எட்டுப் பக்கத் துண்டறிக்கை இருந்தது. வீட்டுவசதி, பருவநிலை, பொருளாதாரம் என்று பெரிய சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை. அன்று எனக்கு ஒன்று உறைத்தது. கொள்கையை எழுதி முடித்துவிட்டுக் கதவைத் தட்டப் போகக்கூடாது. கதவைத் தட்டிவிட்டு வந்து எழுதவேண்டும்.

இதற்கு உழைப்பு வேண்டும். மக்கள் சொல்வதெல்லாம் கவுண்டியின் கையில் இல்லை. பள்ளிப் பாடத்திட்டமா? அது பள்ளி மாவட்டத்திடம் இருக்கிறது. உங்கள் தெருவில் பள்ளமா? நகராட்சிக்குள் இருந்தால் நகராட்சிதான் சரிசெய்ய வேண்டும். பஸ்ஸுக்குத் தனி ஆணையம் உண்டு. கைதட்டலுக்காக எல்லாவற்றையும் செய்து தருகிறேன் என்று சொல்லும் வேட்பாளர் அந்த அம்மாவை ஏமாற்றுகிறார். ஆனால் முதியோர் உணவு, மனநல மருத்துவம், வீடற்றவர்களுக்குக் கூரை, இவற்றில் கவுண்டி நினைத்தால் நடக்கும். 2016இல் எளியோருக்கு வீடு கட்ட 95 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு நாம்தான் வாக்களித்தோம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது, மயிரிழையில் தாண்டியது. அத்தனை ஆயிரம் பேரை இணங்க வைக்க வாசலில் நின்று பேசத்தான் வேண்டும்.

சரி, மேற்பார்வையாளர் தேர்தலில் நிற்பது எப்படி? குடியுரிமை பெற்றவராக, அந்தத் தொகுதியில் வசிக்கும் வாக்காளராக இருக்கவேண்டும். வேட்புமனுவில் தொகுதி வாக்காளர்கள் இருபது பேரின் கையெழுத்து வேண்டும். இந்த அரங்கின் ஒரு வரிசையிலேயே இருபது பேர் இருக்கிறார்கள். கட்டணம், அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்கு. அது பாரமென்றால் கூடுதல் கையெழுத்துகளைத் திரட்டி ஈடுகட்டலாம். முதற்கட்டத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றால் அங்கேயே வெற்றி. இல்லையென்றால் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். வாக்காளர் கையேட்டில் உங்களைப் பற்றிச் சொல்ல வழக்கமாகக் கிடைப்பது 200 சொற்கள். அந்த இருநூறில் எத்தனை சொற்கள் வாசலில் கேட்டவை என்று எண்ணிப் பாருங்கள். நம் கவுண்டியில் மாதிரி வாக்குச்சீட்டு தமிழிலும் கிடைக்கிறது. அந்த அம்மாவின் மகனுக்கே அது தெரியாது.

விசாவில் இருக்கிறேன், பச்சை அட்டைக்குக் காத்திருக்கிறேன் என்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் நிற்கமுடியாது, வாக்களிக்கவும் முடியாது. ஆனால் 2019இல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டப்படி, நியமனத்தால் நிரப்பும் பதவிகளுக்குக் குடியுரிமை ஒரு தடையல்ல. 18 வயது நிரம்பிய, மாநிலத்தில் வசிப்பவர் யாரும் வரலாம். கவுண்டிக்குப் பல ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் காலி இடங்கள் வரும்போது விண்ணப்பியுங்கள். மேற்பார்வையாளர் கூட்டத்தில் எழுந்து பேச எந்த அட்டையும் தேவையில்லை. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிடவேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு, பெயரைக் கொடுத்துவிட்டு, உங்கள் முறை வரும்போது மைக்கின் முன்னால் நில்லுங்கள். அங்கே கிடைக்கும் ஓரிரு நிமிடம் போதும்.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். சைவச் சாப்பாட்டைப் பற்றியும் அழைத்துப்போகும் வண்டியைப் பற்றியும் அந்த அம்மாவே தமிழில் பேசுவார், நான் மொழிபெயர்ப்பேன். இதே அரங்கின் வாசலிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். காரில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது.