செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு: பிரியென் பத்திக் கொஞ்சம் பேசலாம்

மைக் ஆன்ல இருக்கா... ம், சிவப்பு லைட் எரியுது. சரி. வணக்கம் மக்களே.

இன்னைக்கு ஒரே ஒரு ஆளைப் பத்திதான். கேம் ஆஃப் த்ரோன்ஸ்ல வர்ற பிரியென், டார்த் தீவுக்காரி. சீரிஸ் இன்னும் பார்க்காதவங்க, "லீவுல பார்க்கலாம்"னு எடுத்து வெச்சிருக்கறவங்க, இப்பவே கழண்டுக்கோங்க. கடைசி சீசன் வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன், சீரிஸுக்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டின் புத்தகத்தையும் சேர்த்து. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பிரியென்னு சொன்னதும் எல்லாரும் ரெண்டு விஷயம் சொல்வாங்க. ஒண்ணு உயரம். நடிச்ச க்வென்டலின் கிறிஸ்டி 191 சென்டிமீட்டர், அதுக்கு மேல இரும்புக் கவசம் வேற. ரெண்டாவது விசுவாசம். இந்த ரெண்டாவது வார்த்தைலதான் எனக்கு ஒரு உறுத்தல். யாருக்கு விசுவாசம்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். நான்தான் ராஜான்னு கிளம்பின ரென்லிக்குக் காவல் நின்னா. கூடாரத்துக்குள்ள ஒரு நிழல் வந்து, இவ கண்ணு முன்னாடியே அவனைக் கொன்னுட்டுப் போச்சு. பழி இவ மேல. அப்புறம் வின்டர்ஃபெல் கோட்டைக்காரங்களான ஸ்டார்க் வீட்டு அம்மா கேட்லினுக்கு வாக்குக் கொடுத்தா. அந்தம்மாவைக் கல்யாண விருந்துல வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்க, அப்போ இவ பக்கத்துலயே இல்ல. காவல்காரியா மட்டும் பார்த்து மார்க் போட்டா, பிரியென் ஃபெயில். சிரிக்காதீங்க, நிஜமா ஃபெயில்.

அப்புறம் ஏன் அவளை நமக்கு இவ்வளவு பிடிக்குது? வாக்கு வாங்கினவங்க போய்ச் சேர்ந்த பிறகும் அவ நிறுத்தல, அதான். உயிரோட இருக்கற ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தா, ஒரு கட்டத்துல அவரே "சரி, போதும், விடும்மா"னு சொல்லிடலாம். செத்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. செஞ்சியான்னும் கேக்க மாட்டாங்க. கேக்க ஆளில்லாத கடன் அது. அதை அவ பாட்டுக்கு அடைச்சுக்கிட்டே போறா.

ஆரம்பத்துல அவ இப்படி இல்ல. ரென்லி விஷயத்துல அவ நம்ம கர்ணன் மாதிரி, செஞ்சோற்றுக் கடன் கேஸ். சின்ன வயசுல அவ வீட்ல ஒரு நடன விருந்து. பையன்க எல்லாம் அவகிட்ட நல்லாப் பேசற மாதிரி நடிச்சு, முதுகுக்குப் பின்னாடி சிரிக்கறாங்க. ரென்லி மட்டும் வந்து கையைப் பிடிச்சு, அவகூட மரியாதையா ஒரு நடனம் ஆடினான். அவ்ளோதான். அந்த ஒரு நடனத்துக்காக உயிரையே எழுதிக் கொடுத்துட்டா. அஞ்சாவது சீசன்ல, கூடவே வர்ற உதவியாள் பாட்ரிக்கிட்ட அவளே இதைச் சொல்வா, அந்த இடத்துல அவ குரலைக் கவனிங்க. அழமாட்டா. ரிப்போர்ட் படிக்கற மாதிரி சொல்வா.

கேட்லின்கிட்ட கொடுத்த வாக்கு வேற ரகம். அதுல ரெண்டு பக்கமும் பேசணும். நான் உங்களுக்குக் கவசமா நிப்பேன், தேவைப்பட்டா உயிரைக் கொடுப்பேன்னு இவ சொல்லணும். உனக்கு என் வீட்ல எப்பவும் இடம் உண்டு, சாப்பாடு உண்டு, உன் மானத்துக்கு இழுக்கு வர்ற வேலையை உன்கிட்ட கேக்க மாட்டேன்னு அந்தம்மா சொல்லணும். வேலைக்காரிக்கும் எஜமானிக்கும் நடுவுல இப்படி ஒரு ஒப்பந்தம்! ரொம்பப் பேர் இதை விட்டுடறாங்க. ஆறாவது சீசன் முதல் எபிசோட்ல, பனியில வெச்சு கேட்லினோட பொண்ணு சான்சாகிட்ட அதே வார்த்தைகளை மறுபடி சொல்வா. சான்சாவுக்கு நடுவுல வரி மறந்துடும். பாட்ரிக் மெதுவா எடுத்துக் கொடுப்பான். எத்தனை தடவை பார்த்தாலும் அங்க எனக்குத் தொண்டை அடைக்குது.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சொதப்பல் நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அஞ்சாவது சீசன் கடைசி எபிசோட். வின்டர்ஃபெல் கோட்டைல சான்சா மாட்டிக்கிட்டு இருக்கா. ஆபத்துன்னா உடைஞ்ச கோபுரத்துல ஒரு மெழுகுவத்தி ஏத்துன்னு சொல்லி வெச்சாச்சு. பிரியென் தூரத்துல நின்னு அந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கறா, எத்தனையோ நாளா. பாட்ரிக் ஓடி வர்றான்: ஸ்டானிஸ் படையோட வந்துட்டார். ரென்லியோட சொந்த அண்ணன், அந்த நிழலை ஏவி அவனைக் கொன்னவன். ஒரு நிமிஷம் தயங்கறா. போயிடறா. அவ திரும்பின அடுத்த கணம் அந்த ஜன்னல்ல வெளிச்சம் வருது.

இந்த ஒரு காட்சிக்காகவே எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு. ஏன்னா இங்க மோதறது ரெண்டுமே செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு. ஒண்ணு ரென்லிக்காகப் பழி வாங்கறது, இன்னொண்ணு கேட்லின் பொண்ணைக் காப்பாத்தறது. அவ பழியைத் தேர்ந்தெடுத்தா. நம்ம தங்கமான பிரியெனுக்கு அந்த நிமிஷம் உயிரோட இருக்கற பொண்ணை விடச் செத்துப்போன ராஜா பெருசாத் தெரிஞ்சான். அவ மேல எனக்கு இருக்கற ஒரே கோபம் இதுதான். ஆனா அந்தத் தப்பு இல்லன்னா அவ வெறும் பொம்மை.

சரி, ஜேமிக்கு வருவோம். ஸ்டார்க்குகளோட எதிரியான லானிஸ்டர் வீட்டு வீரன், கேட்லினோட கைதி. அவனைப் பத்திரமாக் கொண்டுபோய் விடற பொறுப்பு பிரியெனுக்கு. நீலக்கல் கதையை மட்டும் சொல்லிடறேன், ஏன்னா அது புத்தகத்துல இன்னும் அருமையா இருக்கும். டார்த்துக்கு நீலக்கல் தீவுன்னு ஒரு பேர். அங்க நீலக்கல்லும் கிடையாது ஒண்ணும் கிடையாது, கடல் தண்ணி நீலமா இருக்கும், அதான் அந்தப் பேர். ரெண்டு பேரும் கூலிப்படைகிட்ட மாட்டினதும், அவனுங்க இவளைச் சீரழிக்கப் பார்க்கறானுங்க. ஜேமி "நீலக்கல்"னு கத்தறான். இவ அப்பன் எடைக்கு எடை நீலக்கல் கொடுப்பான், தொடாதீங்கன்னு அர்த்தம். பொய் பலிச்சுது, அவ தப்பிச்சா. அப்புறம் என்னாச்சு? அப்பா நிஜமாவே 300 தங்க டிராகன், அதாவது அந்த ஊர் தங்கக் காசு, பணயத்தொகையா அனுப்பறேங்கறார். ஒரு நைட்டுக்கு, அதாவது பட்டம் வாங்கின வீரனுக்கு, கொடுக்கற நியாயமான தொகை அது. கவனிங்க, நைட்டுக்கு! அந்தக் கூலிப்படைத் தலைவனுக்கு நீலக்கல் வேணும். ஏமாத்திட்டாங்கன்னு கடுப்புல அவளைக் கரடிக் குழில தள்ளிட்டான். காப்பாத்தின அதே பொய்தான் குழியிலயும் தள்ளுச்சு. கைல கொடுத்தது புத்தகத்துல மழுங்கின போட்டிக் கத்தி, சீரிஸ்ல மரக்கத்தி. அப்புறம், அதே கூலிப்படை வலது கையை வெட்டிட்டதால ஒத்தைக் கையோட இருக்கற ஜேமி உள்ள குதிக்கறது உங்களுக்கே தெரியும்.

இப்போ எல்லாரும் காத்திருக்கற சீன். எட்டாவது சீசன், ரெண்டாவது எபிசோட், 2019 ஏப்ரல்ல வந்தது. விடிஞ்சா பிணப்படையோட போர். கணப்புகிட்ட ஆறு பேர், கைல மது. நீ ஏன் நைட் இல்லன்னு, வடக்குக் காட்டுவாசி டார்மண்ட் கேக்கறான். பொம்பளைங்க ஆக முடியாது, அது மரபுங்கறா. எனக்கு நைட் ஆகணும்னு ஆசையும் இல்லங்கறா. அப்போ பாட்ரிக் முகத்தைப் பாருங்க. "யார்கிட்ட கதை விடறீங்க"ங்கற மாதிரி ஒரு பார்வை. நைட் பட்டம் கொடுக்க ராஜா தேவையில்ல, எந்த நைட்டும் இன்னொருத்தரை நைட் ஆக்கலாம்னு ஜேமி எழுந்திரிக்கறான். அவ சிரிக்கறா. கேலின்னு நினைச்சுட்டா! சின்ன வயசுல அந்த நடன விருந்துல பட்டது, இத்தனை வருஷம் கழிச்சும் முதல்ல அந்த பயம்தான் வருது. அப்புறம் அவன் விளையாடலன்னு புரிஞ்சு மண்டி போடறா. தோள்ல கத்தி படுது. தைரியமா இரு, நியாயமா இரு, அப்பாவிகளைக் காப்பாத்து. அந்த மூணையும் அவ எத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கா! எழுந்திரிச்சு நிக்கும்போது அந்த முகத்துல வர்ற சிரிப்பு... அதுக்கு முன்னாடி முழு சீரிஸ்லயும் அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

அந்த வருஷம் எம்மி விருதுக்கு சேனல் அவங்க பேரை அனுப்பல. கிறிஸ்டி தானே அனுப்பி, நாமினேஷனும் வாங்கினாங்க. பிரியென் செஞ்சிருப்பாளான்னா, மாட்டா. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

அடுத்த ரெண்டு எபிசோட்ல ஜேமி கிளம்பறதும், இவ இரவு அங்கியோட முற்றத்துல நின்னு அழறதும்... அதைப் பத்தி நான் பேசப் போறதில்ல. அழலாம், தப்பில்ல. ஆனா அவளுக்கு எழுதின அழுகை இல்ல அது. அடுத்து.

புத்தகத்துல அவளுக்கு இன்னும் நைட் பட்டம் கிடைக்கல, தெரியுமா? 2005ல வந்த நாலாவது புத்தகத்துல அவ பார்வைல எட்டு அத்தியாயம் இருக்கு. "சும்மா நடந்துக்கிட்டே இருக்கா, போரடிக்குது"ன்னு நிறைய பேர் தாண்டிடறாங்க. ஐயோ, தாண்டாதீங்க. சான்சாவைத் தேடி ஊர் ஊரா, சத்திரம் சத்திரமா, பதிமூணு வயசுப் பொண்ணு ஒருத்தியைப் பார்த்தீங்களா, செம்பட்டை முடின்னு ஒரே கேள்வி. கேடயத்துல ஒரு மரமும் விழற நட்சத்திரமும் வரையச் சொல்வா. சின்ன வயசுல அப்பாவோட ஆயுதக் கிடங்குல பார்த்த படம். அது டங்கன்ங்கற உயரமான நைட்டோட சின்னம். அவ அவர் வம்சம்தான்னு 2016ல மார்ட்டினே சொல்லிட்டார். அந்த டங்கனே முறைப்படி நைட் ஆனவர்தானான்னு கதைலயே ஒரு சந்தேகம் ஓடும், அது தனிக் கூத்து.

நான் முதல்ல சொன்னேன்ல, செத்தவங்க வந்து கணக்கு கேக்க மாட்டாங்கன்னு. புத்தகத்துல கேக்கறாங்க. கேட்லின் பிணமா எழுந்து வர்றா, கழுத்துல அந்த வெட்டோட. பிரியென் இடுப்புல ஓத்கீப்பர்ங்கற வாள். கேட்லினோட புருஷன் நெட் ஸ்டார்க்கோட வாளை உருக்கிச் செஞ்சது, ஆனா பிடியில லானிஸ்டர் சிங்கம். கொடுத்தவன் ஜேமி. அந்தம்மா கண்ணுக்கு இவ துரோகி. ஜேமியைக் கொல்லு, இல்லன்னா தூக்குல தொங்குங்கறா. பிரியென் மாட்டேங்கறா. கயிறு இறுகுது, பக்கத்துல பாட்ரிக்கும் தொங்கறான். அப்போ ஒரு வார்த்தை கத்தறா. என்ன வார்த்தைன்னு எழுதல.

2011ல வந்த அடுத்த புத்தகத்துல, கன்னத்துல கட்டோட ஜேமி முன்னாடி வந்து நிக்கறா. சான்சா கிடைச்சுட்டா, ஒரு நாள் பயணம், நீங்க தனியா வரணும்ங்கறா. சான்சா அங்க இல்லன்னு படிக்கற நமக்குத் தெரியும். பிரியென் பொய் சொல்றா. ஜேமி அவ பின்னாடியே போறான்.