பிக்கப் ஏறியதா, சத்தம் ஏறியதா?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் பழைய மாணவர் ஒருவர் புதிதாக வாங்கிய காரைக் காட்ட வீட்டுக்கு வந்தார். புதிது என்றால் அவருக்குப் புதிது, இன்னொருவர் ஓட்டிய வண்டிதான். ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., 2017இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாடல். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன். தெருமுனையிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து, வீட்டுக்கு முன்னால் மிதியிலிருந்து காலை எடுத்தார் பாருங்கள், 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். "நான் குக்கரே வைக்கலியே, எங்கிருந்துங்க சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி வெளியே வந்துவிட்டார்.

"சார், ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு, கூம்பு மாதிரி திறந்து நிக்கிற கோன் ஃபில்டர் மாட்டியிருக்கேனுங்க. பிக்கப் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. டைனோவுல 12 குதிரை ஏறியிருக்குங்க சார்." டைனோ என்றால் வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம். சட்டைப்பையிலிருந்து அது கொடுத்த சீட்டையும் எடுத்துக் காட்டினார். செலவு? அரை லட்சத்தைத் தாண்டி.

நான் 28 வருடம் பாலிடெக்னிக் இன்ஜின் லேபில் நின்றவன். இந்த 'ஃபில்டரை மாத்தினேன், பிக்கப் ஏறிடுச்சு' என்கிற பேச்சை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் அவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன். டைனோவில் ஓட்டும்போது பானெட் திறந்திருந்ததா? முந்தைய ஓட்டமும் பிந்தைய ஓட்டமும் ஒரே நாள், ஒரே நேரமா? பானெட் திறந்துதான் இருந்தது, எதிரே பெரிய ஃபேன் வேறு. முதல் ஓட்டம் மத்தியான வெயிலில், இரண்டாவது மறுநாள் காலையில். சரி, உட்காருங்கள், முதலில் காபி சாப்பிடலாம் என்றேன்.

நேயர்களில் பெரும்பாலோரிடம் இப்படிப்பட்ட வண்டி இருக்காது, தெரியும். ஆனால் இப்போது ஒரு லிட்டர் இன்ஜினுக்கே டர்போ, அதாவது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற கருவி, வைத்து வருகிறதே, உங்கள் வீட்டுச் சின்ன காரிலும் அது இருக்கலாம். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில், இந்த இன்ஜின் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். கல்யாண வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, நீல நிற பிளாஸ்டிக் டிரம், 200 லிட்டர் பிடிக்கும். அந்த மாணவரின் வண்டி, மிதியை முழுவதும் அழுத்தி முழுச் சக்தியைக் கொடுக்கும்போது, ஒரு நொடிக்கு அந்த டிரம்மில் ஏறக்குறைய முக்கால் டிரம் காற்றை உறிஞ்சும். ஒரு நொடிக்கு! அவ்வளவு காற்றும் ஒரு காகித ஃபில்டர் வழியாகத்தான் போகவேண்டும். அப்படியானால் அந்த ஃபில்டர் தடுக்கத்தானே செய்யும்? தடுக்கும். எவ்வளவு தடுக்கும் என்பதுதான் கேள்வி, அதை யாரும் அளப்பதில்லை. காது கேட்கிறது, முதுகு சீட்டில் அழுந்துகிறது, முடிவு கட்டிவிடுகிறோம்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இது என் பழைய பைத்தியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒரு டியூப் வைத்திருப்பார்கள், உள்ளே தண்ணீர் தெரியும். சுவரின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் பிடித்துக்கொண்டு, "வந்துச்சா? வந்துச்சா?" என்று கத்துவார்களே, அதேதான். அதில் மூன்று மீட்டர் வாங்குங்கள். பாதி தண்ணீர், இரண்டு துளி சொட்டு நீலம். டியூபை வளைத்து ஒரு அட்டையில் கட்டி காருக்குள் நிறுத்துங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். இன்னொரு முனை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் குழாயில் போகட்டும். வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டம். மிதியை அழுத்தினால் இன்ஜின் உறிஞ்சும், ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவுதான் உங்கள் ஃபில்டரும் பாக்ஸும் சேர்ந்து செய்கிற தடை. டியூபை மட்டும் நீளமாக, உயரமாக விடுங்கள். கஞ்சத்தனம் செய்தால் நீலத் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும். லேபில் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது, யார் செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதை அவிநாசி ரோட்டில் செய்யக் கூடாது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, நம் கோவையின் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் ரேஸ் தடம், அங்கே ஒரு நாள் பணம் கட்டி ஓட்டினார் மாணவர். நான் பக்கத்து சீட்டில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. முதலில் கம்பெனி பாக்ஸ், புதுக் காகித ஃபில்டர். நேர்த்தடத்தில் முழு மிதி. நீலத் தண்ணீர் மெதுவாக ஏறி, ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசத்தில் நின்றது. பிறகு அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, கோன் ஃபில்டரை மாட்டி அதே தடம், அதே கியர். இந்தத் தடவை நாலு விரற்கடை.

"பாத்தீங்களா சார், பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு!" என்றார். உண்மை, பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் எதில் பாதி?

நேயர்களே, நம்மைச் சுற்றியிருக்கும் காற்று, தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தள்ளிப் பிடித்து நிற்கும். அதுதான் காற்றழுத்தம். 10 மீட்டரில் ஒரு சாண் என்றால் 2 சதவீதம்தான். மாணவர் அரை லட்சம் கொடுத்து மிச்சப்படுத்தியது அந்த இரண்டில் ஒன்றரை சதவீதம்.

இன்னும் புரியும்படி சொல்கிறேன். ஒரு சாண் தண்ணீர் என்பது ஏறக்குறைய 190 மீட்டர் மலை ஏறுவதற்குச் சமம். மருதமலைப் படி ஏறி முருகனைப் பார்க்கிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஓடிய கார் கோவைக்கு வந்தாலே அரை மீட்டர் தண்ணீர் அளவுக்குக் காற்றழுத்தம் போய்விடுகிறது. இரண்டு சாணுக்கும் மேல்! சென்னையிலிருந்து இங்கே வந்த யாராவது, "ஐயோ, என் டர்போ வண்டியின் பிக்கப் போச்சே" என்று அழுது பார்த்திருக்கிறீர்களா? இல்லை. ஏன் இல்லை?

இங்கேதான் டர்போவின் பிறவிக் குணம் வருகிறது. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

டர்போவுக்கு 1905இல் காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் ப்யூக்கி என்கிற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். வெளியே போகிற புகையை வீணாக்காமல் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவது. ஆனால் நான் சொல்லவந்தது 1918இல் அமெரிக்காவில் நடந்தது. முதல் உலகப்போர் நேரம். விமானம் மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் சோர்ந்துவிடுகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்கிற 12 சிலிண்டர் விமான இன்ஜினை ஒரு லாரியில் கட்டி, கொலராடோவில் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய்விட்டார். 14,000 அடிக்கு மேல். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், உச்சியில் டர்போ இல்லாமல் 230 கொடுத்தது. டர்போவை மாட்டியதும் 356. மலை ஏறிய களைப்பே இல்லை, கீழே கொடுத்ததைவிட 6 கூட.

அடைபட்ட ஃபில்டரும் மலையும் டர்போவுக்கு ஒன்றுதான், இரண்டும் மெலிந்த காற்று. மெலிந்த காற்றை ஈடுகட்டத்தான் அது ஆகாய விமானத்தில் ஏறியது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. அந்தக் காலத்துக் கார்பரேட்டர் வண்டிகளில் குன்னூர் மலைப்பாதை ஏறியவர்களுக்கு நினைவிருக்கும், ஃபர்ஸ்ட் கியரில் உறுமும், நகராது. இன்றைய டர்போ வண்டி அதே கொண்டையூசி வளைவில் சிரித்துக்கொண்டே ஏறுகிறது.

எப்படி ஈடுகட்டுகிறது? வண்டியில் ஈ.சி.யு. என்று ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்தான் அது. இன்ஜினுக்குள் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது அவர் கையிலிருக்கும் கணக்கு. ஏரிக்கு மதகு மாதிரி டர்போவுக்கு வேஸ்ட்கேட். மிஞ்சுகிற புகையை அவர் அதன் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பார். ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் மதகைக் கொஞ்சம் மூடுவார், டர்போ கூடுதலாகச் சுற்றும், கணக்கு சரியாகிவிடும். நீங்கள் தடையை எடுத்தால்? மதகைக் கொஞ்சம் திறந்துவிடுவார். கணக்கு அதே கணக்கு. உள்ளே போகும் காற்று ஏறக்குறைய அதே காற்று. டர்போவுக்கு வேலை கொஞ்சம் குறையும், பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் அழுத்தம், ஒரு கண்ணிமைக்கும் நேரம் முன்னால் வரலாம். அதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் அந்த 12 குதிரை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் காலைக் குளிரிலிருந்து. கொஞ்சம் அந்த ஃபேனிலிருந்து. பானெட்டைத் திறந்து ஃபேன் வைத்தால் கோன் ஃபில்டருக்கு ராஜவாழ்க்கை. பானெட்டை மூடி காந்திபுரம் சிக்னலில் கால்மணி நேரம் நிறுத்திப் பாருங்கள், அது குடிப்பது ரேடியேட்டரின் வெந்நீர்க் காற்று. 35 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்காக அமுக்கினாலே ஏறக்குறைய 130 டிகிரிக்குப் போகும். பானெட்டுக்குள் 65 டிகிரியில் எடுத்தால் 170. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் பெரும்பகுதியை ஆற்றிவிடும், நியாயமாகச் சொல்லவேண்டும், கடைசியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம்தான் மிஞ்சும். ஆனால் அந்தப் பத்து டிகிரி போதும், கணக்குப்பிள்ளை பயந்து தீப்பொறி நேரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார், சக்தி குறையும். மிச்சம் பிடித்த ஒன்றரை சதவீதம் அங்கே போயிற்று. கம்பெனி பாக்ஸ் அசிங்கமாக, பெரிதாக இருக்கலாம். ஆனால் அதன் மூக்கு முன்பக்கக் கிரில்லில், வெளிக்காற்றில் இருக்கிறது. அந்தப் பாக்ஸ்தான் டர்போவின் சீறலையும் அமுக்கி வைத்திருந்தது. மூடியை எடுத்தோம், சத்தம் வந்தது. பிக்கப் ஏறியது என்று நினைத்தோம். திரும்பச் சொல்கிறேன், ஏறியது சத்தம்.

எப்போதுமே வீண் என்று சொல்லவில்லை. ரீமேப் செய்து, அதாவது கணக்குப்பிள்ளையின் கணக்கையே மாற்றி எழுதி, பெரிய டர்போ போட்டு 40 சதவீதம் கூடுதல் காற்று இழுக்கிறீர்கள் என்றால், தடை 40 சதவீதம் ஏறாது, ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒரு சாண் இரண்டு சாண். மதகு முழுக்க மூடியும் கணக்குப்பிள்ளைக்குப் போதாமல் போகும். அப்போது ஃபில்டரும் டர்போ வாய்க்குப் போகும் வளைவுக் குழாயும் மாற்றவேண்டியவைதான். அப்போதும் முதலில் தண்ணீர் டியூப், பிறகு பணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். தூசியைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், பைக்ஸ் பீக் மலை அதைச் சாப்பிட்டுவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரின் முதல் வேலை காற்று விடுவதில்லை, தூசி பிடிப்பது. டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதில் மணல் துகள் பட்டால் அரம் மாதிரி அரிக்கும். ஃபில்டர் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் தடையும் தெரியும், எவ்வளவு தூசி பிடிக்கிறது என்பதும் தெரியும். எண்ணெய் தடவுகிற துணி ஃபில்டர் என்றால் எண்ணெயை அள்ளித் தடவாதீர்கள், காற்றை அளக்கும் சென்சாரில் படியும். காகித ஃபில்டரை டயரில் தட்டித் தட்டி மாட்டுகிற பழக்கத்தை விடுங்கள், கிழியும். மில் பக்கம் குடியிருந்தால் பஞ்சு அடைக்கும், சீக்கிரம் மாற்றுங்கள். பம்பருக்கடியில் மூக்கை இறக்கிவைக்கிற குழாய் மாட்டியவர்கள், மழை நாளில் லங்கா கார்னர் பாலத்தடிப் பக்கமே போகாதீர்கள். தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

அந்த மாணவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வாரநாட்களில் கம்பெனி பாக்ஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோன் ஃபில்டர். "சத்தத்துக்காகத்தான் சார்" என்றார். அப்படி ஒப்புக்கொண்டால் எனக்குச் சண்டையே இல்லை. என் மனைவிக்குத்தான் இன்னும்... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.